தங்கச்சிமடத்தில் நடக்கும் திகில் நாவல்: எல்லோரும் பார்க்கிற ஊரில் பயத்தை எங்கே வைப்பது?

கேள்வி
உச்சிப்புளிக்காரி எழுதியது:

வணக்கம். திருமணம், குடும்பம், வேண்டாத ஒருவனின் விடாப்பிடி ஆகிய மூன்றையும் பின்னி ஒரு திகில் நாவல் எழுதி வருகிறேன். கதாநாயகி உச்சிப்புளியில் பிறந்தவள். ராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் விசைப்படகு ஓட்டும் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறாள். அவளை விடாமல் கவனிக்கிறவன் வெளியாள் அல்லன், கணவனின் சித்தப்பா மகன். வாய் நிறைய மதினி என்று அழைக்கிறவன். குழாயடியில் அவள் குடம் நிறைவதற்குள் வந்து தூக்கிக்கொள்கிறவன். அவளுடைய மாமியாருக்குச் செல்லப்பிள்ளை. பெண் பார்க்க வந்த கூட்டத்தில் அவனும் இருந்தான் என்பதும், அன்றைக்கே அவள் தன்னைப் பார்த்துத்தான் சிரித்தாள் என்று மனத்தில் எழுதிக்கொண்டான் என்பதும் நாவலின் நடுப்பகுதியில்தான் வாசகருக்குத் தெரியவரும்.

பிரதியைப் படித்துப் பார்த்த நண்பர்கள் இரண்டு குறைகளைச் சொல்கிறார்கள். வீட்டுக்கு வீடு சுவரை உரசிக்கொண்டு நிற்கும் குடியிருப்பில், யார் வீட்டில் என்ன குழம்பு என்பது தெருவுக்கே தெரிகிற ஊரில், ஒருவன் ஒரு பெண்ணை மாதக்கணக்கில் மறைந்திருந்து கவனிக்க முடியுமா என்பது முதலாவது. அப்படியே கவனித்தாலும் அவள் ஏன் கணவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஏன் காவல் நிலையத்துக்குப் போகவில்லை என்பது இரண்டாவது. நகரத்துக் கதைகளில் பூட்டிய அடுக்குமாடி வீடு, ஆளில்லாத லிஃப்ட், இருட்டான வாகன நிறுத்துமிடம் என்று பயத்துக்கு ஆயத்தமான இடங்கள் கிடைக்கின்றன. இங்கே எனக்குக் கிடைப்பவை மணலும் வெயிலும் எந்நேரமும் ஆள் நடமாட்டமும்தான். கதையைச் சென்னைக்கு மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன், மனம் வரவில்லை. கடற்கரை வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்தவர்களும், சட்டம் தெரிந்தவர்களும், இவ்வகை நாவல்களை நிறையப் படித்தவர்களும் வழி சொன்னால் நன்றியுடன் ஏற்றுக்கொள்வேன்.


பதில் 1
வடகடலான் எழுதியது:

சகோதரி, தயவுசெய்து கதையைச் சென்னைக்குக் கொண்டுபோகாதீர்கள். உங்கள் நண்பர்கள் எதைக் குறை என்கிறார்களோ அதுதான் உங்கள் நாவலின் மூலதனம். நகரத்தில் ஒரு பெண்ணின் கணவன் எந்த இரவில் வீட்டில் இருக்கமாட்டான் என்பதைக் கண்டுபிடிக்க ஒருவன் பாடுபட வேண்டும். எங்கள் தீவில் அது ஊரறிந்த சேதி. ராமேசுவரத்து விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாட்கள், மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு என்பது நெடுநாள் ஏற்பாடு. மீன்துறை அலுவலகத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு காலையில் கடலுக்குப் போகிற படகு மறுநாள்தான் கரை திரும்பும். ஆகவே எந்தெந்த இரவுகளில் எந்தெந்த வீட்டில் ஆண் இல்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உங்கள் ஆள் மறைந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பட்டப்பகலில் வாசற்படியில் உட்கார்ந்து, பெரியம்மாவிடம் காப்பி வாங்கிக் குடித்துக்கொண்டே, தன் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கலாம்.

அந்தக் கணக்கு பிசகுகிற இடங்களில் உங்களுக்குத் திருப்பம் கிடைக்கும். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் டோக்கன் கொடுக்கமாட்டார்கள். கணவன் கடலில் இருப்பான் என்று கதாநாயகியும் அவனும், வாசகரும்கூட நம்பிக்கொண்டிருக்கிற ஓர் இரவில், காற்று மாறி அவர் வீட்டுத் திண்ணையிலேயே வலை பொத்திக்கொண்டிருந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். கதை 2017-க்கு முன்பு நடப்பதாக இருந்தால் அது 45 நாட்கள்தான், மே இறுதியிலேயே முடிந்துவிடும் என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள். அந்த நாட்களில் கணவன் வீட்டிலேயே இருப்பார். அவள் நிம்மதியாக மூச்சு விடுவாள் என்று வாசகர் நினைக்கிறபோது, வருமானம் நின்ற வீட்டுக்கு அரிசியும் கடனும் கொண்டுவருகிறவனாக அந்தத் தம்பி உள்ளே வரட்டும்.

இதைவிடப் பெரிய வாய்ப்பு ஒன்று இருக்கிறது. கணவனை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போகட்டும். இதை நான் திகிலுக்காகச் சொல்லவில்லை, எங்கள் ஊரில் நடக்கிற காரியம் என்பதால் சொல்கிறேன். பிடிபட்டவர்களை யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, பருத்தித்துறை, மன்னார் என்று எங்காவது ஒரு நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள். காவல் நீட்டிக்கப்பட்டுக்கொண்டே போகும். படகு திரும்பாமலே போகலாம். அண்மைக் காலத்தில் உடன் போனவர்கள் விடுதலையாகி வந்த பிறகும், படகை ஓட்டியவர் மட்டும் தண்டனை பெற்றுச் சிறையிலேயே இருக்க நேர்ந்தது உண்டு. உங்கள் கதாநாயகியின் கணவர் படகோட்டி. தெருவில் மற்ற வீடுகளுக்கு ஆண்கள் திரும்பி வந்துவிடுகிறார்கள், இவள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

அப்போது மீன்துறை அலுவலகம், மீனவர் சங்கம், ஆட்சியர் அலுவலகம் என்று அலைவது யார்? அந்தத் தம்பிதான். சிறைப்பட்டவரின் குடும்பத்துக்கு அரசு தரும் தினசரி உதவித்தொகையைப் பெற அவளுடைய ஆதார் நகல், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், இரண்டு புகைப்படம் எல்லாவற்றையும் ஒரு நெகிழிப் பையில் போட்டு அவள் கையாலேயே அவனிடம் கொடுக்க வேண்டியிருக்கும். விண்ணப்பத்தில் தொடர்பு எண் என்ற கட்டத்தில் அவன் தன் எண்ணை எழுதுகிறான். மூன்றாவது புகைப்படம் ஒன்று கேட்டு வாங்குகிறான். அலுவலகத்தில் இரண்டுதான் கேட்டார்கள் என்பது பிறகு அவளுக்குத் தெரியவருகிறது. கத்தியும் இருட்டும் இல்லாமல் எனக்கு இதைவிடப் பயமான காட்சி தோன்றவில்லை.


பதில் 2
மன்றத்துப் பழையவர் எழுதியது:

நான் மாவட்ட நீதிமன்றத்தில் நெடுங்காலம் வழக்காடியவன் என்பதால், காவல் நிலையக் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். சட்டம் இல்லாமல் இல்லை. பெண்ணைப் பின்தொடர்வது 2013-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் 354டி என்ற பிரிவாகச் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவாக நடைமுறையில் இருக்கிறது. கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்பதைப் பொறுத்துக் காவலர் வாயில் வரும் பிரிவு எண் மாற வேண்டும். மத்தியச் சட்டத்தின்படி முதல் முறை தண்டிக்கப்பட்டால் 3 ஆண்டு வரை சிறை, பிணையில் வரக்கூடிய குற்றம். மறுபடியும் செய்தால் 5 ஆண்டு வரை, பிணையில் விட முடியாத குற்றம். கைப்பேசி, இணையம் வழியாக ஒரு பெண்ணின் தொடர்புகளைக் கண்காணிப்பதும் இந்தப் பிரிவுக்குள் வரும் என்பதை நாவலாசிரியர்கள் பலர் கவனிப்பதில்லை.

ஆனால் பிரிவின் வாசகத்தை ஊன்றிப் படியுங்கள். பெண் தன் விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பிறகும் ஒருவன் திரும்பத் திரும்பத் தொடர்வதுதான் குற்றம். உங்கள் கதாநாயகி அவனிடம் என்றைக்காவது வெளிப்படையாக வேண்டாம் என்று சொன்னாளா? குடத்தைத் தூக்குகிறவனிடம் எதை வேண்டாம் என்று சொல்வது? புகார் மனுவில் அவள் என்ன எழுதுவாள்? என் கொழுந்தன் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறான் என்றா? ஒவ்வொரு செயலும் தனியாகப் பார்த்தால் உதவி, சேர்த்துப் பார்த்தால் முற்றுகை. இந்த இடைவெளியில் நாவலின் முதல் பாதி முழுவதையும் நிறுத்தலாம்.

நடைமுறையையும் சரியாகக் காட்டுங்கள். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்தவுடன் முதல் தகவல் அறிக்கை கைக்கு வந்துவிடுவதாக எழுதினால் இங்கே யாரும் நம்பமாட்டார்கள். பெரும்பாலும் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து, எதிர் மனுதாரரை வரவழைத்து, இரு தரப்பாரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துப் பேசி, இனி இப்படி நடக்கமாட்டேன் என்று எழுதி வாங்கி அனுப்புவார்கள். அந்த பெஞ்சில் மாமியார் யார் பக்கத்தில் உட்காருகிறார் என்பதை எழுதுங்கள், வேறு வசனமே தேவையில்லை.

இன்னொன்று உங்கள் கதைக்கு நேரடியாக உதவும். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு ஆணை கேட்பதற்கு, இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே குடும்பமாக வாழ்கிறவர்களாகவோ வாழ்ந்தவர்களாகவோ இருக்க வேண்டும். சித்தப்பா குடும்பம் அதே கூரையின்கீழ் இருந்தால் அவளுக்கு அந்த வழி திறந்திருக்கிறது. நடுவில் ஒரு சுவர் எழுப்பி, தனி வாசல் வைத்து, தனி உலை ஏற்றி வாழ்கிறவர்களாக இருந்தால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். பாகப் பிரிவினையில் எழுப்பிய சுவர் ஒன்று, வாசகர் பொருட்படுத்தாத இடத்தில் இரண்டாம் அத்தியாயத்திலேயே வந்துபோனால், பின்னால் அதே சுவர் அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.


பதில் 3
கீழக்கரை வாசகி எழுதியது:

தோழி, முதல் பதிலில் ஐயா சொன்னவை தீவுப் பகுதிக்குப் பொருந்தும். ராமநாதபுரக் கடற்கரை முழுவதையும் ஒரே ஊராக எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். உங்கள் கதாநாயகி மணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போகிறாள். அவளுடைய பயத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது, ஏனென்றால் அந்த வீட்டில் மற்ற எல்லோரும் பழையவர்கள், அவள் ஒருத்திதான் புதியவள். எங்கள் கீழக்கரையில் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து தங்குகிற வழக்கம் இருக்கிறது. தாயும் சகோதரிகளும் சுற்றியிருக்க, கணவர் வளைகுடா நாட்டிலோ வியாபாரத்துக்காக வெளியூரிலோ இருப்பார். இங்கே ஒரு பெண்ணைத் தனிமைப்படுத்த வேண்டுமானால் அதைக் கணவன் வீட்டார் செய்ய முடியாது. அவளுடைய சொந்த வீட்டுக்குள்ளேயே, அக்காவின் கணவர் போன்ற ஒருவர்தான் செய்ய முடியும். அப்போது அவள் வாயைத் திறந்தால் குலைவது அவளுடைய இல்வாழ்க்கை அன்று, அக்காவின் இல்வாழ்க்கை. இது வேறு நாவல். உங்களுக்கு வேண்டாம் என்றால் நானே ஒருநாள் எழுதுவேன்!

அவள் ஏன் கணவனிடம் சொல்லவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். இதைக் கேட்டவர்கள் ஆண்களாக இருக்க வேண்டும் என்பது என் ஊகம். சொன்னால் முதலில் வருவது, அவன் அப்படிப்பட்டவன் இல்லையே என்ற மறுமொழி. அடுத்து வருவது, நீ என்ன செய்தாய் என்ற கேள்வி. மூன்றாவதாக, பங்காளிகள் இருவரும் படகுத்துறையில் வெட்டிக்கொண்டு ஒருவர் பிணமாகவும் மற்றவர் கைதியாகவும் போவது. மூன்றையும் அவள் மனத்துக்குள் முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துவிட்டாள், அதனால்தான் சொல்லவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்று அவளுடைய தாய் சொல்லி வளர்த்திருப்பாள். ஒரே ஒரு முறை அவள் பாதி சொல்லி நிறுத்தட்டும். கணவர் கடலுக்குப் போகிற அவசரத்தில், வந்து பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தப் பயணத்தில்தான் அவர் பிடிபடட்டும்.


பதில் 4
ஏட்டுச்சுவடி எழுதியது:

பின்தொடர்கிறவனின் மனத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை என்பதால் நான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் பால் முல்லனும் அவர் குழுவினரும் 1999-ஆம் ஆண்டில் இப்படிப்பட்டவர்களை ஐந்து வகையாகப் பிரித்தார்கள்: உறவு முறிந்ததை ஏற்காதவர், நெருக்கத்தை நாடுகிறவர், பழகத் தெரியாமல் துரத்துகிறவர், வன்மம் தீர்க்க வருகிறவர், தாக்குவதற்காகவே நோட்டமிடுகிறவர். உங்கள் ஆள் இரண்டாவது வகை. இந்த வகையினர் சிலரிடம், அவள் என்னைக் காதலிக்கிறாள், சூழ்நிலையால் மறைக்கிறாள் என்ற அசைக்க முடியாத நம்பிக்கை இருக்கும். பிரெஞ்சு மருத்துவர் கிளெராம்போ 1921-இல் விரிவாக எழுதிய நிலை இது. இதில் ஒரு கொடுமை, மறுப்பும் இவர்களுக்குச் சம்மதமாகத்தான் கேட்கும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்று திருப்பிக்கொண்டாள். கடுமையாகப் பேசினால் பிறருக்குச் சந்தேகம் வராமல் இருக்கப் பேசினாள். வழக்கறிஞர் ஐயா கேட்கிற அந்தத் தெளிவான மறுப்பை அவள் ஒருநாள் உரக்கச் சொல்லும்போது, அவன் புரிந்துகொண்டதுபோல மெல்லத் தலையாட்டட்டும். அந்தத் தலையாட்டல்தான் கதையின் நடுமுள்.

இதற்காக அவனை ஏர்வாடிக்கு அனுப்பிவிடாதீர்கள். நம் மாவட்டத்தைப் பின்னணியாகக் கொண்டு எழுதுகிறவர்களுக்குப் பைத்தியம் என்றவுடன் தர்கா நினைவுக்கு வந்துவிடுகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநோயாளிகள் அங்கே அச்சுறுத்துகிறவர்களாக அல்ல, கைவிடப்பட்டவர்களாகவே இருந்தார்கள். திகிலுக்கு அந்த இடத்தைக் கடன் வாங்குவது எனக்கு உவப்பாக இல்லை. தவிரவும் உங்கள் ஆள் ஊருக்கு நல்லவன், வேலையில் சூட்டிகையானவன், கோயில் திருவிழாவில் முன்னால் நிற்கிறவன். அவனைத் தெளிவான நோயாளியாக்கிவிட்டால் ஊரும் மாமியாரும் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்வார்கள்.

நம் மரபிலேயே இதற்கு ஒரு கண்ணாடி இருக்கிறது. சங்கப் பாடல்களில் மடலேறுவேன் என்று மிரட்டுகிற தலைவனை நாம் காதலின் உச்சமாகப் பாராட்டிப் பழகிவிட்டோம். பனங்கருக்கால் செய்த குதிரையில் ஏறி, எருக்கமாலை சூடி, அவள் பெயரை ஊரறியச் சொல்லித் தெருவில் வருவேன் என்பது, உற்றுப் பார்த்தால், ஊரின் பழியைக் காட்டி ஒரு பெண் வீட்டாரைப் பணியவைக்கிற முயற்சியும்தான். பனைமரங்கள் நிறைந்த இந்த மண்ணில் நடக்கிற கதையில், அவன் தன் கையை அறுத்துக்கொண்டு அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், காரணம் சொல்லாமல், போடுவதாக ஓர் அத்தியாயம் வைத்தால் அதுவே இன்றைய மடல். காரணம் யார் என்று குழுவில் எல்லோரும் கேட்பார்கள். அவளுக்கு மட்டும் தெரியும்.

அவன் பார்வையிலிருந்து அத்தியாயங்கள் எழுத வேண்டாம் என்பது என் துணிபு. தன் வாயால் பேசத் தொடங்கிவிட்டால் எந்த வாசகரும் ஒரு கட்டத்தில் அவன்மேல் இரக்கப்படுவார். அதன் பிறகு அவளுடைய பயம் மிகைப்பட்டதாகத் தோன்றும்.


பதில் 5
வடகடலான் எழுதியது:

ஏட்டுச்சுவடி ஐயாவின் கடைசிக் கருத்தில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. இரக்கம் வரட்டுமே. அந்த இரக்கம்தான் மாமியாருக்கும் தெருவுக்கும் இருக்கிறது. வாசகரும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டுப் பிறகு பதறினால் நாவல் இன்னும் ஆழமாக இறங்கும். ஒரே ஓர் அத்தியாயம் போதும், அதையும் அவன் கணவனுக்குச் சிறைக்கு எழுதுகிற கடிதமாக வைக்கலாம்.


கேள்வி கேட்டவரின் மறுமொழி
உச்சிப்புளிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி கணவர் பிடிபடுவதை நாவலின் நடுவில் வைத்துக்கொள்கிறேன். பாகப் பிரிவினைச் சுவரை இன்றைக்கே இரண்டாம் அத்தியாயத்தில் கட்டிவிட்டேன். கீழக்கரை அக்கா, அந்த இன்னொரு நாவலை நீங்களே எழுதுங்கள், முதல் வாசகியாக நான் காத்திருக்கிறேன். கடிதமா வேண்டாமா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. எஞ்சியிருப்பது உச்சக்கட்டம். இடிந்த தேவாலயம், ஆளற்ற மணல்வெளி, இருபுறமும் கடல் என்று தனுஷ்கோடியில் ஓர் இரவுக் காட்சி எழுதி வைத்திருக்கிறேன். அது நிற்குமா?


பதில் 6
வடகடலான் எழுதியது:

நிற்காது, சகோதரி. மாலைக்குப் பிறகு வெளியாட்களைத் தனுஷ்கோடிப் பக்கம் விடமாட்டார்கள், காவலர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கேயே குடிசை போட்டு வாழ்கிற மீனவக் குடும்பங்களும் உண்டு, ஆகவே நீங்கள் நினைக்கிற அளவுக்கு அது ஆளற்ற இடமும் அன்று. அதோடு 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் ரயிலோடும் வீடுகளோடும் அத்தனை பேர் போன இடத்தை, துரத்தலுக்கு மேடையாக எத்தனையோ பேர் பயன்படுத்தித் தேய்த்துவிட்டார்கள்.

நாவல் முழுவதும் ஆள் நடுவே பயத்தை வைத்துவிட்டு, முடிவில் மட்டும் ஏன் ஆளில்லாத இடத்துக்கு ஓடுகிறீர்கள்? தடைக்காலம் முடிகிற ஜூன் 14 இரவை எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் விடுதலையாகிக் கொழும்பிலிருந்து சென்னை விமான நிலையம் வழியாக ஊர் திரும்பி ஒரு வாரம்தான் ஆகிறது. ஓட்டிய படகு போய்விட்டது; பிறர் படகில் கூலிக்குப் போக ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தப் படகிலேயே தம்பியும் ஏறுகிறான், அண்ணனுக்குத் துணையாக இருக்கட்டும் என்று மாமியாரே சொல்லி அனுப்புகிறார். துறை முழுவதும் விளக்கு வெளிச்சம், டீசல் பீப்பாய்கள் உருள்கின்றன, பனிக்கட்டிப் பாளங்களை உடைத்துக் கிடங்கில் கொட்டுகிறார்கள், பெண்கள் சோற்றுத் தூக்குகளோடு நிற்கிறார்கள். கடலில் ஒன்றாகப் போகிற இருவரில் ஒருவர் மட்டும் திரும்பி வந்தால் என்ன கதை சொல்லப்படும் என்பது அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். படகு கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்னால், அத்தனை பேர் காது கேட்க, அவள் அந்த வார்த்தையைச் சொல்லியாக வேண்டும். ஊர் கேட்டுவிடுமே என்று நாவல் நெடுக வாயை மூடிக்கொண்டிருந்தவளுக்கு அன்றைக்கு ஊர் கேட்டால்தான் கணவன் பிழைப்பார்.